பார்த்துவிட்டுப் போகட்டுமே என்பவர்களுக்கு

“நாம என்ன திருடுறோமா, கடத்துறோமா? பார்க்கிறவன் பார்த்துட்டுப் போகட்டுமே!”

செல்போன் நம்மைப் பின்தொடர்கிறது, செயலிகள் வேவு பார்க்கின்றன என்று எங்கே பேச்சு எழுந்தாலும் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லி அதை முடித்துவைக்கிறார். சொல்பவர் பெரும்பாலும் யோக்கியமானவர். வீட்டு வரியைக் கெடுவுக்கு முன்பே கட்டுபவர். ஆனால் அவர் வாய் திறந்த மாத்திரத்தில் எதிரில் இருப்பவர் சந்தேகத்துக்குரியவர் ஆகிவிடுகிறார். ‘உனக்கு மறைக்க ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே’ என்ற பாதியை அவர் சொல்வதில்லை. கேட்பவர் தானே நிரப்பிக்கொள்கிறார். அதற்குப் பிறகு யார் வாதாடுவார்கள்?

படித்தவர்கள் இதையே கொஞ்சம் இஸ்திரி போட்டுச் சொல்கிறார்கள். அந்தரங்கம் என்பது வயிறு நிறைந்தவர்களின் கவலை, கூலிக்குப் போகிறவனுக்குச் சோறும் வேலையும் கிடைத்தால் போதும் என்று. இது வெறும் டீக்கடைப் பேச்சு அல்ல. ஓய்வுபெற்ற கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் முன் வந்தது. பசியும் வறுமையும் உள்ள நாட்டில் நலத்திட்டங்களுக்காக அந்தரங்க உரிமை வழிவிட வேண்டும் என்ற பொருளில் அரசுத் தரப்புக்காக வாதாடியவர் அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால். 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது பேரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்: அந்தரங்கம் அடிப்படை உரிமை. அது மேட்டுக்குடியின் ஆடம்பரம் என்ற வாதம் நிற்காது என்றும் தீர்ப்பில் எழுதினார்கள். நீதிமன்றத்தில் தோற்ற வாதம் வெளியே கொடிகட்டிப் பறக்கிறது என்பதுதான் வேடிக்கை.

முதலில் அந்த யோக்கியரின் கேள்விக்கு வருவோம். தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?

1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் தெருத்தெருவாகப் போனபோது அவர்கள் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எது தமிழர் வீடு, எது தமிழர் கடை என்று அதைப் பார்த்துப் பொறுக்கியெடுத்து எரித்தார்கள். அந்தப் பட்டியலில் இருந்தவர்கள் எதை மறைத்தார்கள்? ஓட்டுரிமைக்காகச் சட்டப்படி தங்கள் பெயரையும் விலாசத்தையும் தாங்களே எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். கொடுத்த அன்றைக்கு அது சாதாரண காகிதம். பெயரைப் பதிவு செய்தவர் யோக்கியராக இருந்ததோ, பதிந்துகொண்ட குமாஸ்தா நேர்மையாக இருந்ததோ அந்த ஜூலையில் எதற்கும் உதவவில்லை. நாம் தப்புச் செய்கிறோமா இல்லையா என்பதை நாளைக்குத் தீர்மானிக்கப்போவது நாமல்ல. அன்றைக்கு யார் கையில் பட்டியல் இருக்கிறதோ அவர்கள்.

இது கொடுமையின் உச்சம், அன்றாட வாழ்க்கைக்கு இதை அளவுகோலாக வைக்காதே என்று சொல்லலாம். சரி, அன்றாடத்துக்கே வருவோம். அன்றாடம் என்றால் வேலை. விழித்திருக்கும் நேரத்தில் பாதி அங்கேதான் போகிறது.

நூறு நாள் வேலைக்காக ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகம் 2021 மே மாதம் ஒரு வருகைப்பதிவுச் செயலியைக் கொண்டுவந்தது. 2023 ஜனவரி 1 முதல் எல்லாப் பணித்தளங்களிலும் அது கட்டாயமானது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். எந்த இடத்தில் எத்தனை மணிக்கு எடுத்தது என்ற குறிப்போடு பணித்தளப் பொறுப்பாளர் அதை ஏற்ற வேண்டியிருந்தது. கண்மாயில் டவர் கிடைக்கவில்லை என்றாலும், செல்போன் பழையதாகி மக்கர் செய்தாலும் மண் வெட்டியவருக்கு அன்றைய கூலி சந்தேகம்தான். இத்தனைக்கும் அந்தக் கூலி வெட்டிய மண்ணை அளந்து கொடுப்பது. விடிகாலையில் வந்து வெயில் ஏறுவதற்குள் தன் பங்கை வெட்டி முடித்த பெண் வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்திருக்கலாம். செயலி வந்த பிறகு இரண்டாவது படத்துக்காகக் கருவேல நிழலில் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்துவிட்டது, முகம் காட்டுவது முடியவில்லை.

இவ்வளவும் ஊழலை ஒழிக்க என்றார்கள். ஒழிந்ததா? 2025 ஜூலையில் அதே அமைச்சகம் மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. படத்தைப் படம் பிடித்து ஏற்றுகிறார்கள், வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படங்களை ஏற்றுகிறார்கள், பட்டியலில் உள்ள ஆண் பெண் கணக்கும் படத்தில் உள்ள கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று குறைகளை அதுவே வரிசைப்படுத்தியிருந்தது. ஏமாற்றுகிறவனுக்கு வழி தெரியும். நேர்மையாக மண் வெட்டியவர்தான் டவரைத் தேடி மேட்டில் ஏறி நின்றார்.

சண்டிகர், பஞ்ச்குலா, நாக்பூர் நகரங்களில் துப்புரவுத் தொழிலாளர்களின் கையில் ஜி.பி.எஸ். கடிகாரம் கட்டினார்கள். கழிப்பறைக்குப் போகும்போதுகூட யாரோ பார்க்கிறார்களோ, கேட்கிறார்களோ என்று பெண்கள் கூசினார்கள். அந்தரங்கம் மேட்டுக்குடிக் கவலை என்கிறவர்கள் இவர்களிடம் போய் அதை விளக்கிச் சொல்லட்டும்.

இதெல்லாம் கூலிக்காரர் கதை என்று ஐ.டி. நண்பர்கள் தள்ளிவிட வேண்டாம். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் காலம் வந்ததிலிருந்து சில நிமிடங்களுக்கு ஒருமுறை கணினித் திரையைப் படமெடுத்து மேலாளருக்கு அனுப்பும் மென்பொருள்கள் சக்கைப்போடு போடுகின்றன. கீபோர்டு தட்டும் வேகத்தை எண்ணுகிறார்கள், அரட்டைப் பெட்டியில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்க்கிறார்கள். நிரல் எழுதுகிறவர் கூரையைப் பார்த்து யோசிக்கும் கால் மணி நேரம்தான் அன்றைய உருப்படியான வேலை என்பது இந்த மென்பொருளுக்குத் தெரியாது. அதன் கணக்கில் அவர் சும்மா இருக்கிறார். ஆகவே யோசிப்பதை விட்டுவிட்டு மவுஸை ஆட்டுகிறார்கள். அதற்கென்றே கருவி விற்கிறது. 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, கீபோர்டு இயங்குவதுபோல் பாவனை காட்டினார்கள் என்று பன்னிரண்டு பேருக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு அனுப்பியது. அவர்கள் செய்தது தப்புத்தான். ஆனால் ஒரு வங்கி தன் ஊழியர் வேலை செய்தாரா என்பதை அவர் முடித்துக் கொடுத்த வேலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல் கீபோர்டைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது என்றால், கோளாறு ஊழியரிடம் மட்டும்தான் இருக்கிறதா?

‘சம்பளம் கொடுக்கிறவன் பார்க்கக் கூடாதா?’ என்பார்கள். தாராளமாக வேலையைப் பார்க்கட்டும். எங்கேயும் அது அதோடு நின்றதில்லை என்பதுதான் சங்கடம். ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் எச் அண்ட் எம் துணிக்கடை நிறுவனத்தின் சேவை மையம் ஒன்று இருந்தது. விடுப்பு முடிந்து திரும்பும் ஊழியரைக் கூப்பிட்டு மேலாளர் வாஞ்சையாகப் பேசுவார். உடம்புக்கு என்ன, வீட்டில் என்ன, விடுமுறை எப்படிப் போனது. ஊழியர் போன பிறகு அதையெல்லாம் கணினியில் எழுதிவைப்பார்கள்: நோயின் அறிகுறி, மருத்துவர் சொன்னது, குடும்பத் தகராறு, மத நம்பிக்கை வரைக்கும். ஐம்பது மேலாளர்கள் வரை அதைப் படிக்க முடிந்தது. வேலை தொடர்பான முடிவுகளுக்கும் அது பயன்பட்டது. 2014இலிருந்து நடந்துவந்த இந்த விஷயம் வெளியே வந்தது, 2019 அக்டோபரில் கணினியில் ஏற்பட்ட ஒரு கோளாறால் சில மணி நேரம் அந்தக் கோப்புகள் நிறுவனம் முழுவதற்கும் திறந்துகொண்டதால். மறு ஆண்டு ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 3.53 கோடி யூரோ அபராதம் விதித்தது. தன் அம்மாவின் நோயைப் பற்றி மேலாளரிடம் சொல்லும் ஊழியர் எந்தக் குற்றத்தையும் மறைக்கவில்லை. அவர் ஒரு மனிதரிடம் பேசுவதாக நினைத்துப் பேசினார். அது ஒரு கோப்பிடம் பேசியதாக ஆக்கப்பட்டது.

பிரான்ஸில் நடந்தது இன்னும் நுணுக்கம். அங்கே அமேசான் கிடங்குத் தொழிலாளர்களின் கையில் உள்ள ஸ்கேனர் பத்து நிமிடம் சும்மா இருந்தால் பதிவாகும். ஒரு பொருளை ஸ்கேன் செய்த 1.25 விநாடிக்குள் அடுத்ததைச் செய்தாலும் பதிவாகும். மெதுவாக இருந்தாலும் குற்றம், வேகமாக இருந்தாலும் குற்றம். அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 3.2 கோடி யூரோ அபராதம் போட்டதை 2024 ஜனவரியில் அறிவித்தது.

நம் ஊரில் இதற்கெல்லாம் அபராதம் இல்லை, ரசிகர்கள்தான் இருக்கிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசல் செயலியில் வீட்டு வேலைக்கு வரும் அக்கா எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை வீட்டுக்குப் போகிறார், எத்தனை நட்சத்திரம் வாங்கியிருக்கிறார் எல்லாம் தெரியும். அந்த அக்காவுக்கு முந்தைய வேலைக்காரிக்கு இந்த வீட்டில் எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று தெரியாது. வீட்டுக்காரருக்கு யாரும் நட்சத்திரம் போடுவதில்லை. சாப்பாடு கொண்டுவரும் பையனின் பைக் எந்தச் சந்தில் திரும்புகிறது என்று வரைபடத்தில் பார்த்துக்கொண்டு சோபாவில் சாய்ந்திருக்கிறோம். அன்றைய ஆர்டர் அவனுக்கு ஏன் கிடைத்தது, கூலி எப்படிக் கணக்கானது என்று பார்க்க அவனுக்கு ஒரு வரைபடமும் இல்லை. மறைக்க ஒன்றும் இல்லை என்ற வீரம் எப்போதும் கீழே இருப்பவரிடம்தான் எதிர்பார்க்கப்படுகிறது.

‘என் தகவல், என் இஷ்டம், கொடுத்தால் உனக்கென்ன?’ என்று கேட்பவர்களும் உண்டு. அவர்கள் கொடுப்பது அவர்களுடைய தகவல் மட்டும் அல்ல. ஊரடங்குக் காலத்தில் வேலை போனவர்கள் கடன் செயலிகளில் ஐயாயிரம், பத்தாயிரம் வாங்கினார்கள். செயலியை நிறுவும்போது தொடர்பு எண்களைப் பார்க்க அனுமதி கேட்டது, கொடுத்தார்கள். தவணை தவறியதும் அந்த எண்களுக்கெல்லாம் அழைப்பு போனது. மாமனாருக்கு, பிள்ளையின் டீச்சருக்கு, முதலாளிக்கு. ‘இவர் மோசடிப் பேர்வழி’ என்று செய்தி போனது, பெண்களின் முகத்தை ஒட்டிய ஆபாசப் படங்கள் போயின. தூக்கில் தொங்கியவர்களும் உண்டு. ரிசர்வ் வங்கியின் பணிக்குழு 2021இல் கணக்கெடுத்தபோது இந்தியாவில் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளில் 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டம்பரில்தான் கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடக்கூடாது என்ற விதி வந்தது. கடன் வாங்குவது குற்றமில்லை. தவணை தவறுவதும் சிறைக்குப் போகிற குற்றமில்லை. அந்தக் கும்பலின் கையில் இருந்த ஒரே ஆயுதம், கடன்காரருக்கு யார் யாரெல்லாம் வேண்டியவர்கள் என்ற பட்டியல்தான். வயிறு நிறைந்தவர்களா அந்தச் செயலியில் கடன் வாங்கினார்கள்?

அடுத்தது பண்பாட்டு வாதம். தமிழன் திண்ணையில் வளர்ந்தவன், பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனையை வைத்தே அவர்கள் வீட்டுச் சேதியைச் சொல்பவன், நமக்கு ஏது அந்தரங்கம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திண்ணை யார் வீட்டில் இருந்தது என்று மட்டும் கேட்கக் கூடாது. திண்ணை வைத்த வீட்டுக்கு உள்ளே முற்றம் இருந்தது, அதற்கும் உள்ளே இரண்டாம் கட்டு இருந்தது. வெளியாள் எதுவரை வரலாம் என்பதற்கு அங்குலக் கணக்கு இருந்தது. அந்தரங்கம் வேண்டாதவர்கள் கட்டிய வீடு அல்ல அது. ஊரின் மறுபக்கத்தில், ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்த வீட்டின் பெண் விடியும் முன்னரே எழுந்து கருவேலங்காட்டுக்கு ஓடினாள். பகல் முழுதும் அடக்கிக்கொண்டாள். மறைவு என்றால் என்ன என்று அவளுக்கு எந்த வழக்கறிஞரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எல்லாருக்கும் எல்லாம் தெரிந்த ஊர் என்று நாம் உருகும் அந்த ஊரில், அந்தத் தெரிதல்தான் சாதியின் காவல். யார் எந்தத் தெருவில் நடந்தார், யார் யாரோடு பேசினார் என்று கண்கள் பார்த்துக்கொண்டே இருந்தன. பலர் சென்னைக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறியது பிழைப்புக்காக மட்டும் அல்ல, யாருக்கும் தன்னைத் தெரியாத ஒரு தெருவுக்காகவும்தான். இன்றைக்கும் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் செய்ய விரும்புகிறவர்கள் முப்பது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். விவரங்களோடு அதை அலுவலகத்தில் ஒட்டுவார்கள். அந்த முப்பது நாளில் தேடி வருபவர்கள் வாழ்த்துச் சொல்ல வருவதில்லை. 2021 ஜனவரியில் அலகாபாத் உயர் நீதிமன்றம், அந்த அறிவிப்பை வெளியிடுவது மணமக்கள் விரும்பினால் மட்டுமே என்றது. புட்டசாமி தீர்ப்பு அதற்கு ஓர் ஆதாரம். ஆணவக்கொலை நடக்கும் நாட்டில் அந்தரங்கத்தை மேல்நாட்டுச் சரக்கு என்பவர் எந்த ஊரில் குடியிருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

மேல்நாட்டுச் சரக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. மறைக்க வேண்டிய காரியமாக இருந்தால் அதைச் செய்யாமல் இருங்கள் என்ற பொருளில் 2009இல் அருளியவர் கூகுளின் அன்றைய தலைவர் எரிக் ஷ்மிட். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் சிநெட் செய்தித்தளம் கூகுளிலேயே தேடி அவருடைய சொத்து, வசிப்பிடம் பற்றிய விவரங்களை வெளியிட்டபோது, அந்தத் தளத்தின் நிருபர்களோடு பேசுவதையே கூகுள் நிறுத்திக்கொண்டது. காலம் மாறிவிட்டது, மக்கள் பகிரத்தான் விரும்புகிறார்கள் என்று 2010இல் சொன்ன ஃபேஸ்புக்கின் மார்க் ஸக்கர்பெர்க், 2013இல் தன் வீட்டைச் சுற்றியுள்ள நான்கு வீடுகளை 3 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார். 2016இல் வெளியான படத்தில் அவருடைய மடிக்கணினியின் கேமராமேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருந்தது. விற்பவர்கள் தாங்கள் விற்பதை வீட்டில் சமைப்பதில்லை.

இதற்குமேல் வாதம் இல்லாதவர்கள் கடைசியாகக் கையை விரிப்பார்கள்: எல்லாம் எப்போதோ போயாச்சு, இனி என்ன பூட்டு? சோம்பலுக்கு ஞானத்தின் வேஷம் இது. 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஒரே ஒரு கேள்வியைத் திரையில் காட்டியது, ‘இந்தச் செயலி மற்ற இடங்களிலும் உங்களைப் பின்தொடரலாமா?’ என்று. மிகப் பலர் வேண்டாம் என்றார்கள். அதனால் 2022இல் ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா முதலீட்டாளர்களிடம் சொல்ல நேர்ந்தது. மக்களுக்கு அக்கறை இல்லை என்பது பொய், அவர்களை யாரும் கேட்கவில்லை. நம் நாட்டிலேயே, 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் புதிய நிபந்தனைகளை நீட்டியபோது கூட்டம் கூட்டமாக ஆட்கள் சிக்னல் செயலிக்குப் போனார்கள். வாட்ஸ்அப் செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சமாதானம் சொன்னது. பிப்ரவரியில் விதித்த கெடுவை மே மாதத்துக்குத் தள்ளிவைத்தது.

எனவே போயாச்சு என்று புலம்புவதைவிட, எஞ்சியிருப்பதை யார் எடுக்கிறார்கள் என்று பார்ப்பது உத்தமம். அதற்கு 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்தாலே போதும். புட்டசாமி தீர்ப்பு வந்து ஆறு ஆண்டு கழித்துப் பிறந்த பிள்ளை. மீறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று முகப்பில் பெரிய எழுத்து. உள்ளே போனால், வேலை தொடர்பான நோக்கத்துக்காகவும், தனக்கு இழப்பு வராமல் காத்துக்கொள்ளவும் முதலாளி ஊழியரின் தரவைச் சம்மதம் இல்லாமலே கையாளலாம் என்கிறது ஏழாவது பிரிவு. அரசு தான் விரும்பும் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ளலாம் என்கிறது பதினேழாவது பிரிவு. தன் கடமையில் தவறும் சாமானியருக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பொய்யான புகார் கொடுப்பதும் அந்தத் தவறுகளில் ஒன்று.

அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கைவைத்தது. தனிப்பட்ட தகவல் என்று சொல்லி ஓர் அதிகாரி தர மறுப்பதற்கு முன்பு வரம்புகள் இருந்தன: பொதுப்பணியோடு தொடர்பில்லாததாக இருக்க வேண்டும், பொதுநலன் பெரிதென்றால் கொடுத்தாக வேண்டும். இப்போது தனிப்பட்ட தகவல் என்று ஆகிவிட்டாலே போதும். பொதுநலனுக்காகக் கொடுக்கலாம் என்னும் தகவல் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு அப்படியே இருக்கிறதே என்று அரசு சொல்கிறது. இருக்கிறதுதான்; கொடுக்கலாமா என்று முடிவெடுப்பவர் மறுக்க விரும்பும் அதே அலுவலகத்தார்.

இந்தத் தகவல் உரிமை எங்கிருந்து வந்தது என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1990களில் ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பின் கீழ் கூடிய கூலித் தொழிலாளர்கள், தங்கள் பெயரில் பொய்க்கணக்கு எழுதிய வருகைப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டார்கள். ஊர்க்கூட்டத்தில் அதை உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரில் கூலி, கட்டாத கட்டடத்துக்குச் செலவு என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அதிகாரம் உள்ளவன் கணக்கைத் திறந்துகாட்ட வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை. நம் சட்டம் அதைத் தலைகீழாக்கிவிட்டது. மண் வெட்டியவரின் முகம் தினமும் இரண்டு தடவை இணையத்துக்குப் போனது. அதிகாரியைப் பற்றிய விவரம் தனிப்பட்ட தகவல் ஆகிவிட்டது.

2025 நவம்பரில் இந்தச் சட்டத்துக்கான விதிகள் வெளியாயின. உங்கள் தகவலை அழிக்கச் சொல்லும் உரிமை, சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை போன்றவை நடைமுறைக்கு வர பதினெட்டு மாதம் அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். தகவல் அறியும் உரிமையைச் சுருக்கிய திருத்தமோ அந்த நவம்பரிலேயே அமலுக்கு வந்துவிட்டது.